முகத்தை மறைக்காத கை

எங்கள் மகளைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது என் கணவர் எந்தக் கையால் கண்ணைத் துடைக்கிறார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பெற்றவள் பார்க்கிற பார்வையா இது என்று கேட்பீர்கள். கேளுங்கள். எனக்கே அன்று என்மேல் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் சிறு வயதிலிருந்து மேடையில் நின்றவளின் கண்ணுக்கு இதையெல்லாம் பார்க்காமல் இருக்கத் தெரியாது.

விஷயம் இதுதான். அவர் பையன்களை வைத்தே நாடகம் போடுகிற பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர். அங்கே வாத்தியார் பையன்களுக்கு முதலில் புகட்டுகிற பாடம் ஒன்று உண்டு. பக்கவாட்டில் நிற்கும்போது ஜனங்கள் உட்கார்ந்திருக்கிற பக்கத்துக் கையைத் தூக்கக் கூடாது. தூக்கினால் முகம் மறைந்துவிடும். டிக்கெட் வாங்கி வந்தவன் முகத்தைப் பார்க்கத்தானே வந்திருக்கிறான்? அழுதாலும் மறுபக்கத்துக் கையால்தான் கண்ணைத் துடைக்க வேண்டும். ஜனங்களுக்கு முதுகு காட்டுவது அதைவிடப் பெரிய குற்றம். தப்புச் செய்தால் முழங்கையில் பிரம்பு விழும்.

அன்று வாசல் பக்கம் அக்கம்பக்கத்துப் பெண்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். அவர் குழந்தைக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, சுவர்ப் பக்கத்துக் கையால் துண்டின் நுனியை எடுத்துக் கண்ணை ஒற்றினார். முகம் வாசலுக்கு முழுசாகத் தெரிந்தது. "ஐயோ பாவம்" என்றார்கள் பெண்கள். இந்த மனுஷன் அழுகிறாரா, வேஷம் கட்டுகிறாரா?

என் கதை அதைவிட மோசம். அழுகை வேஷத்துக்குப் பேர் போனவள் நான். என் ஒப்பாரியைக் கேட்பதற்கென்றே மயிலாப்பூரிலிருந்தும் தி.நகரிலிருந்தும் குதிரைவண்டி வைத்துக்கொண்டு வருவார்கள். அப்படிப்பட்டவளுக்கு அன்று ஒரு சொட்டு வரவில்லை. வீட்டுக்காரம்மாள் குரலைக்கூடத் தாழ்த்தாமல் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: "மேடையில அப்படி அழறாளே, ஆத்துல பாரேன், கல்லு மாதிரி ஒக்காந்துண்டிருக்கா." அழுதிருந்தால் நடிக்கிறாள் என்றிருப்பாள். நடிகை வீட்டில் சாவு விழவே கூடாது சாமி, எதைச் செய்தாலும் சந்தேகம்தான்.

அந்த அம்மாளை மட்டும் சொல்லி என்ன? மயிலாப்பூரில் நாடகக்காரர்களுக்கு யார் வீடு கொடுப்பார்கள்? ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பாதி ஊர் மூட்டை கட்டிக்கொண்டு ஓடியதே, அந்த வருஷம்தான் எங்களுக்குக் குளத்துக்குப் பின்னால் இருந்த சந்தில் ஒரு போர்ஷன் கிடைத்தது. ஓடினவர்கள் திரும்பி வந்ததும், இவர்களை ஏன் வைத்தோம் என்று வீட்டுக்காரர்களுக்குத் தோன்றிவிட்டது. யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பார்வை மெல்ல எனக்கும் தொற்றிவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

எங்கள் கல்யாணம் வடபழனியில் முருகன் சந்நிதியில் நடந்தது. அதற்கு முன்னால் மேடையில் எத்தனையோ தடவை எனக்கு அவர் தாலி கட்டியிருக்கிறார். நாடகத் தாலியை அடுத்த காட்சிக்குள் அவிழ்த்தாக வேண்டும், அதனால் இழுத்தால் வந்துவிடுகிற மாதிரி ஒரு சுருக்கு முடிச்சுப் போடுவார்கள். கோயிலிலும் அவர் கை பழக்க தோஷத்தில் அதே முடிச்சைப் போட்டுவிட்டது. அவருடைய அக்கா பார்த்துவிட்டு, "அடப்பாவி, இது இன்னா கொட்டாயா?" என்று அவர் தலையில் ஒரு குட்டு வைத்து மறுபடி கட்டச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். குழந்தை போனபிறகு அந்த முடிச்சு அடிக்கடி நினைவுக்கு வந்தது. அப்போது சிரிப்பு வரவில்லை.

குழந்தை பிறந்தது முதல் கொட்டகையில்தான் வளர்ந்தாள். ராயப்பேட்டையில் தகரம் வேய்ந்த கொட்டகை அது. இருட்டடிப்புக் காலமானதால் நாடகத்தைச் சாயங்காலமே தொடங்கி, விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கொஞ்சம் பின்னால் முடித்துவிடுவார்கள். மேடையின் இடது பக்கம், சைடு படுதாவுக்குப் பின்னால் இருந்த உத்தரத்தில் கயிற்றைப் போட்டுத் தூளி கட்டியிருந்தோம். நானும் அந்தப் பக்கம்தான் நிற்பேன், அங்கிருந்துதான் மேடைக்குப் போவேன். காட்சி இல்லாதபோது ஆட்டிவிடுவேன். நான் மேடையில் பிள்ளையைப் பறிகொடுத்து ஒப்பாரி வைக்கும்போது என் பிள்ளை அங்கே நிம்மதியாகத் தூங்கும்.

கொஞ்சம் வளர்ந்ததும் படுதாவைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தாள். அவர் அந்த நாடகத்தில் வேலைக்காரன் வேஷம், பபூன். மேடைக்குப் போவதற்கு முன்னால் அவளிடம் பொட்டுக்கடலை கொடுப்பார். திரும்பி வரும்போது அவள் மூடிய கையை நீட்டுவாள். "இன்னா கீது இதுல?" என்று இவர் குனிந்து கேட்பார். அவள் கையை விரித்து, "காக்கா ஊச்!" என்பாள். காக்கா தூக்கிக்கொண்டு போய்விட்டதாம். கடலையெல்லாம் எப்போதோ வாய்க்குள் போயிருக்கும். தினமும் இதே விளையாட்டு. தினமும் இவர் முதல் தடவையாக ஏமாறுகிற மாதிரி நெஞ்சில் கையை வைத்துக்கொள்வார். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

மூன்று வயதுகூட ஆகவில்லை. ஒரு காய்ச்சல் வந்தது, தொண்டை அடைத்துக்கொண்டது, அவ்வளவுதான். பெரியாஸ்பத்திரிக்கும் போனோம், வேப்பிலையும் வைத்தோம். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத என்னால் ஆகாது.

சின்னக் குழந்தையை எரிப்பதில்லை, புதைப்பார்கள். பெண்கள் சுடுகாட்டுக்குப் போகிற வழக்கமில்லை. அவரே தோளில் தூக்கிக்கொண்டு போனார். திரும்பி வந்து கிணற்றடியில் குளித்தார். "எப்படி..." என்று நான் ஆரம்பித்தேன். "ஆச்சு" என்றார். அந்த ஒரு வார்த்தைதான். அங்கே என்ன நடந்தது, யார் குழி வெட்டினார்கள், எந்த மரத்தடி, ஒன்றும் சொல்லவில்லை. பெரியவர்கள் போனால் பால் தெளி, எட்டு, கருமாதி என்று கைக்கு வேலையாவது இருக்கும். குழந்தைக்கு அதுவும் கிடையாது என்றுவிட்டார்கள். தூளிப் புடவையைத் துவைத்து மடித்துப் பெட்டியில் வைத்தேன். அதோடு செய்வதற்கு ஒன்றுமில்லை.

கம்பெனி முதலாளி வந்து, வீட்டில் உட்கார்ந்திருந்தால் பித்துப் பிடித்துவிடும், வேலைக்கு வாருங்கள் என்றார். அவருக்கு அவர் கவலை. போனோம். இனிமேல் வலது பக்கத்திலிருந்துதான் மேடைக்கு வருவேன் என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. நான் நின்ற இடது பக்கம் ஒரு புதுப் பெண்ணுக்குப் போயிற்று. சாந்தோம் பக்கத்துக் கிறிஸ்துவப் பெண், மாதா கோயிலில் பாடிப் பாடிக் குரல் தேறியவள், பதினெட்டு வயதிருக்கும். நாடகத்தில் அவள் எனக்கு நாத்தனார்.

திரும்பிப் போன ஒரு வாரத்துக்குள் அந்த அக்கிரமம் நடந்தது. எஜமானன் வேஷம் போட்ட முதலாளி மேடை நடுவில் நின்று, "சட்னிக்கு வைத்த கடலை எங்கேடா?" என்று கத்துகிற காட்சி. வேலைக்காரன் மழுப்ப வேண்டும், ஏதோ பழைய வசனம். இவர் அதைச் சொல்லவில்லை. மூடிய கையோடு இடது பக்கப் படுதாவரை நடந்து போனார். கையை உள்ளே நீட்டி, "இன்னா கீது இதுல?" என்றார். நின்றார். அப்புறம் திரும்பி ஜனங்களைப் பார்த்துக் கையை விரித்தார். "காக்கா ஊச்!"

கொட்டகை அதிர்ந்தது. சின்ன வயதில் அதைச் சொல்லி ஏமாற்றாத வீடு எது? பெஞ்சுக்காரர்கள் விசில் அடித்தார்கள். நான் வலது பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். செத்த பிள்ளையின் விளையாட்டை எடுத்து விற்கிறானே, இவன் மனுஷனா என்று தோன்றியது. அவன் இவன் என்றுதான் தோன்றியது, இப்போது மாற்றி எழுத மாட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "எதுக்கு அதைப் பண்ணீங்க?"

"எத்த?"

"நடிக்காதீங்க. எதைன்னு தெரியும்."

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "இன்னாமே இப்போ? ஜனம் சிரிக்குதுல்ல?" என்றார். அதற்கப்புறம் அவரோடு பேசுவதை விட்டுவிட்டேன். சாப்பாடு வைப்பேன், தண்ணீர் வைப்பேன், டிராமில் பக்கத்தில் உட்கார்ந்து போவேன். அவ்வளவுதான் எங்கள் தாம்பத்தியம்.

அன்றிலிருந்து அந்த விளையாட்டு நாடகத்தில் தினசரி வந்தது. நான் கண்ணை மூடிக்கொள்ள முயன்று தோற்று, பார்க்க ஆரம்பித்தேன். பார்க்கப் பார்க்க ஒன்று உறுத்தியது. படுதாவுக்குள் கையை நீட்டிவிட்டு இவர் நிற்கிற நேரம் ரொம்ப அதிகம். சிரிப்புக்காக நிறுத்துகிறவன் எவ்வளவு நிறுத்துவான் என்று எனக்குத் தெரியாதா? இவர் அதையும் தாண்டி நின்றார். அதோடு, அந்த நேரம் முழுக்க ஜனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். செத்த பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முகத்தை மறைக்காதவர், இங்கே மொத்தக் கொட்டகைக்கும் முதுகைத் திருப்புகிறார் என்றால் உள்ளே யாரைப் பார்க்கிறார்? உள்ளே யார் நிற்கிறாள்?

உங்களுக்கே புரிந்திருக்கும். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

சந்தேகத்துக்கு ஒரு குணம், தீனி தானாக வந்து சேரும். இவர் நாடகத்துக்கு என்னோடு வருவதை நிறுத்திவிட்டு, வெயில் தாழ்வதற்கு முன்னாலேயே கிளம்ப ஆரம்பித்தார். "கொட்டாயில கொஞ்சம் வேல கீது" என்பார். பபூனுக்கு அங்கே என்ன வேலை? தரை பெருக்குகிறாரா? சட்டையைத் துவைக்க எடுத்தால் மல்லிகை வாசம் அடிக்கும். எனக்கு அவர் பூ வாங்கிக் கொடுத்து எத்தனையோ நாள் ஆயிற்று. பையைத் திருப்பினால் பொட்டுக்கடலைத் தூள் உதிரும். ஒருநாள் காட்சி மாறும்போது அந்தப் பெண் மேடையைக் கடந்து எங்கள் பக்கம் வந்தாள். என்னைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு அவசரமாக எதையோ விழுங்கினாள். கையைப் பின்னால் மறைத்தாள். கடலை வாசம் என் மூக்கில் ஏறியது.

பூ அவளுக்கு, கடலை அவளுக்கு, குழந்தையின் விளையாட்டும் அவளுக்கு. மற்ற இரண்டையும் பொறுத்திருப்பேன். மூன்றாவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

திருச்சிக் கம்பெனி ஒன்று என்னை ரொம்ப நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அவர்களுடைய ஆள் பட்டணத்துக்கு வந்திருந்தார். வெள்ளிக்கிழமை காலையில் வாருங்கள், வருகிறேன் என்று சொல்லியனுப்பிவிட்டேன். டிரங்குப் பெட்டியில் என் புடவைகளை அடுக்கினேன். தூளிப் புடவையை அடியில் வைத்தேன். இவரிடம் சொல்லவில்லை. சொல்லாமல் போவதில் ஒரே ஒரு குறை, அவர் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க முடியாது. அதனால் போவதற்கு முன்னால் இரண்டு பேரையும் கையும் களவுமாகப் பிடித்து, கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுத்தான் போவது என்று முடிவு செய்தேன். வியாழக்கிழமை, அந்தக் காட்சி தொடங்கியதும் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் போனேன். குழந்தை போனபிறகு அங்கே நான் கால் வைப்பது அதுதான் முதல் தடவை.

அந்தப் பெண் படுதாவுக்குப் பக்கத்தில் இல்லை. தள்ளி, செட்டுத் தட்டிகளுக்குப் பின்னால் மூலையில் ஒடுங்கி நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் தட்டியோடு ஒட்டிக்கொண்டாள்.

"ஏண்டி இங்கே ஒளிஞ்சு நிக்கிறே? உன் இடம் அங்கேதானே?" என்றேன். மேடைக்குக் கேட்காமல் சொல்ல வேண்டுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

"அவுரு அந்தாண்ட வரப்போ நா நிக்க மாட்டேங்க்கா. நவுந்துருவேன்."

"ஏன்?"

அவள் மேலே பார்த்தாள். நானும் பார்த்தேன். உத்தரத்தில் தூளிக் கயிறு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அதில் ஒரு முழம் மல்லிகை சுற்றியிருந்தது. கீழே, குழந்தை நிற்கிற இடத்தில், ஒரு சின்ன மரப்பெட்டிமேல் கசங்கின காகிதம் ஒன்று இருந்தது.

"கயித்த அவுக்கப் போனாங்க, அவுரு வுடல. டெய்லி வந்து அவுரே பூ சுத்துறாரு. கடல வச்சிட்டுப் போறாரு." "அத நாந்தான் எட்த்துத் துன்னுட்டேங்க்கா. மொதல்ல தெரியாது. யாரோ மறந்து வச்சுட்டாங்கோன்னு, பசிக்குதேன்னு துன்னுட்டேன்."

"அப்புறம்?"

"அப்பால தெரிஞ்சுது. பயந்துபோயி ஒரு நாளு தொடவேயில்ல. அவுரு வந்து காயிதத்தப் பிரிச்சுப் பாத்தாரு. கடல அப்டியே கீது. அவுரு மூஞ்சிய பாத்திருக்கணும் நீங்கோ. அதாங்க்கா, அதுக்கப்புறம் தெனமும் துன்னுட்றேன்." சிலுவை போட்டுக்கொண்டாள். "அவுராண்ட சொல்லிடாதீங்கோக்கா."

நான் அவரிடம் சொல்லவில்லை. கடைசிவரை சொல்லவில்லை.

அப்போது எனக்கு என்ன தோன்றியது என்று கேட்டால், முதலில் கோபம்தான் வந்தது. நல்லவராக இருந்து தொலைத்தாரே என்று கோபம். ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருந்தால் நானும் ஒரு முழம் பூ வாங்கி வந்திருக்க மாட்டேனா? அதற்குள் மேடையில் முதலாளி கத்துவது கேட்டது. "கடலை எங்கேடா?" அந்தப் பெண் இன்னும் உள்ளே நகர்ந்துகொண்டாள். நான் படுதாவுக்குப் பக்கத்தில், கயிற்றுக்கு அடியில் போய் நின்றேன்.

அவர் வந்தார். ஜனங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, மூடிய கையை உள்ளே நீட்டினார். "இன்னா கீது இதுல?" என்றார். கண் கீழே, குழந்தையின் உயரத்துக்குப் பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே என் புடவைக் கரை தெரிந்திருக்க வேண்டும். மெல்ல நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

அவர் வாய் அசைந்தது, ஒன்றும் வரவில்லை. மேடையில் வசனத்தை மறந்தவரே இல்லை அவர். அடியெடுத்துக் கொடுக்கிறவர் மறைவிலிருந்து, "காக்கா ஊச், காக்கா ஊச்" என்று கிசுகிசுத்தார். ஜனங்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். நீட்டின கை மூடியபடியே என் முன்னால் நின்றது. அதை அப்படியே விட்டுவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை.

"காக்கா ஊச்" என்றேன். அவள் இழுக்கிற மாதிரியே கடைசியில் இழுத்துச் சொன்னேன்.

படுதாவுக்குப் பின்னாலிருந்து புதிதாக ஒரு குரல் வந்ததும் கொட்டகையில் சிரிப்பு வெடித்தது. அவர் கையை விரிக்கவில்லை. மூடியது மூடியபடி உள்ளே வந்துவிட்டார். முதலாளி தனியாக மேடையில், "டேய், எங்கேடா போனே?" என்று திண்டாடினார். அந்தப் பெண் ஓடிப்போய் ஏதோ வசனத்தைச் சொல்லிச் சமாளித்தாள்.

அவர் கயிற்றுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தார். கையைத் திறக்காமலே பேசினார்.

"மூணு பிடி மண்ணு போடச் சொன்னானுங்கோ. போட்டேன். கடசீ பிடி போட்டுட்டுக் கையப் பாத்தேன், ஒண்ணுமில்ல. காக்கா ஊச்னு அவ சொல்ற மாதிரியே கேட்டுச்சுமே. கிட்டக்க நின்னுக்கினு சொல்ற மாதிரி. ஒன்னாண்ட வந்து எப்டிச் சொல்லுவேன்?"

அவர் அந்தக் கையையும், மற்றக் கையையும் சேர்த்து முகத்தை மூடிக்கொண்டார். இரண்டு கையாலும், ஒரு இடுக்குக்கூட இல்லாமல். தோள் தூக்கித் தூக்கிப் போட்டது. மூக்கு ஒழுகி அரிதாரமெல்லாம் வழிந்தது. கேட்கச் சகிக்காத ஒரு சத்தம் வந்தது. அந்த அழுகைக்கு எந்தக் கம்பெனியும் வேஷம் கொடுக்காது. அவருடைய வாத்தியார் இருந்திருந்தால் இரண்டு முழங்கையிலும் பிரம்பு விழுந்திருக்கும்.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவருடைய கையை முகத்திலிருந்து எடுக்கப் போகவில்லை. எனக்கும் அப்போதுதான் வந்தது.